பேர் இருக்கிறது, படம் இல்லை

"என் மாமனாருக்குப் புத்தி பிசகலைன்னு நீங்க சொல்லணும் சார். பிசகிடுச்சுன்னா அதையும் சொல்லுங்க. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

வந்தவர் பல் மருத்துவர். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே பழகியவர், அன்றைக்குத் தன் வாயைத் திறக்கச் சிரமப்பட்டார். எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளரை ஊரே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். கூட வேலை பார்க்கும் அவருடைய மனைவியின் தம்பிக்கு 'அவசரம்' என்று பெயர். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் நாற்காலியில் சாய்வதற்குள் அவசரம், "உயில் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டார்.

உயில் இல்லை. டிஷ் டிவிக்கு வாங்கிய ஒரு ரெக்கார்டர் பெட்டிதான் இருந்தது. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சேனலைப் பதிவு செய்யலாம் என்பதுதான் அதன் பெருமை. கொஞ்ச நாளாகப் பதிவு செய்யும் நிகழ்ச்சிகள் பாழாகிக்கொண்டிருந்தன. அதுவும் மாமனார் மட்டும் வீட்டில் தனியாக இருக்கும் பகல் வேளைகளில்.

"நாங்க வேலைக்குப் போயிடறோம் சார். சாயங்காலம் வந்து பதிவானதைத்தான் பார்ப்போம். ஓடறதை உட்கார்ந்து பார்க்கிறது மாமா ஒருத்தர்தான். போன வாரம் என் பொண்ணு கலந்துகிட்ட வினாடி வினா வந்துச்சு. நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததால பதிவு போட்டுட்டுப் போனோம். வந்து பார்த்தா அதையும் அழிச்சிருக்கார். பேர் இருக்கு, திறந்தா ஒரே கறுப்பு. பொண்ணு தாத்தாகிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. என் வீட்டுக்காரர் முதியோர் இல்லத்துல இடம் சொல்லிட்டார், ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடணும்கிறார். இன்னிக்கு இதை அழிச்சவர் நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டா என்ன பண்றதுங்கிறார்."

"உங்க வீட்டுக்காரர் பதிவு பண்றது ஏதாவது போயிருக்கா?" என்று கேட்டார் நிதானம்.

"அவர் கால்பந்து மட்டும்தான் போடுவார். அது ஒண்ணுகூடப் போனதில்ல. அன்னிக்கு மட்டும் மாமாவை டிவியை அணைச்சு வைக்கச் சொல்லிடுவார். ஆட்டம் முடிஞ்சதும் போட்டுக்கோங்கம்பார்."

நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் பாதி வேலை முடிந்தது என்பது அவசரத்தின் நம்பிக்கை. பல சமயம் கண்ணாடி அழுக்காக இருந்ததுதான் காரணம்.

சனிக்கிழமை காலை மருத்துவரின் வீட்டுக் கூடத்தில் ஒரு துணிப்பெட்டி பாதி அடுக்கப்பட்டுக் கிடந்தது. வேட்டி, சட்டை, சவரச் சாமான். பெரியவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சோபாவின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். மகன் வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"டிவி பெட்டிக்கெல்லாம் துப்பறிவாளரா? என் மனைவிக்கு மனசு கேக்கல, வரச் சொல்லிட்டா. எனக்கு மட்டும் ஆசையா சார்?"

அவசரம் ரிமோட்டின் மேல் பவுடரைத் தூவி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், வெளியாள் யாரோ வந்து போறான்" என்று காதில் கிசுகிசுத்தார். நிதானம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, பேத்தி நிகழ்ச்சி வந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"செய்தி பார்த்துட்டு இருந்தேன் சார். பேத்தியோடதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்னு நான் மட்டும் தனியா பார்க்கல." கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிக்னல் பார்க்காம ஒருநாளும் வண்டி எடுத்தவன் இல்ல நான். இப்ப என்னையே நம்ப முடியல. நான்தான் அழிச்சிருப்பேன் போல."

அந்தப் பேச்சைக் கேட்டு மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசரம்கூடப் பவுடர் டப்பாவை மூடிவிட்டார்.

நிதானம் எழுந்து டிவி மேசையை மெல்ல நகர்த்தினார். பெட்டியின் பின்னால் டிஷ்ஷிலிருந்து வரும் வயருக்கு இரண்டு துளைகள். ஒன்றில் வயர் இருந்தது, மற்றது காலி. சுவரோரமாகப் புது வெள்ளை வயர் ஒன்று மாடிப்படியை ஒட்டி ஏறி, மகனின் படுக்கையறைக்குள் போனது.

"ஐயா, நீங்க செய்தியைப் போடுங்க. அம்மா, நீங்க வேற சேனல் ஒண்ணைப் பதிவு போடுங்க. ரிமோட்டை யாரும் தொட வேண்டாம்."

கொஞ்ச நேரம் எல்லோரும் செய்தி பார்த்தார்கள். பிறகு பதிவை நிறுத்தித் திறந்தபோது பெயர் இருந்தது, படம் இல்லை. கறுப்பு. இன்னொரு பழைய பதிவை நிதானமே அழித்துக் காட்டினார். அதன் பெயரும் சேர்ந்தே போய்விட்டது.

"இந்த வீட்டுல எல்லாரும் ஒரு வார்த்தையைத் தப்பா சொல்லிட்டு இருந்தீங்க. அழிச்சா பேரும் போயிடும். பேர் இருந்து படம் இல்லைன்னா, அது அழிஞ்சது இல்ல. பதிவே ஆகாதது" என்றார் நிதானம். "பெட்டிக்குள்ள சேனலைப் பிடிக்கிற ட்யூனர் ரெண்டு இருக்கு. ஒண்ணு பார்க்க, ஒண்ணு பதிய. ரெண்டுக்கும் தனித்தனி வயர் வேணும். ஐயா டிவி பார்த்தா வயர் இருக்கிற ட்யூனரை அவர் எடுத்துக்கறார். பதிவு வயர் இல்லாத ட்யூனருக்குப் போயிடுது. டிவி அணைஞ்சிருந்தா எல்லாம் ஒழுங்கா பதிவாகும். அதனாலதான் பழி குறி தவறாம இவர் மேலயே விழுந்துச்சு."

மருமகள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் சிரிக்கப் பார்த்தார். "மாடியில டிவி வைக்க ஒரு வயரை எடுத்தேன். இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"எடுத்தப்ப தெரிஞ்சிருக்காது. அப்புறம் தெரிஞ்சுகிட்டீங்க. ஆட்டம் அன்னிக்கு மட்டும் டிவியை அணைக்கச் சொன்னீங்களே, அது ஏன்?"

"அப்பா அழிச்சிடுவார்னு பயம்."

"அழிக்கிறவர் ஆட்டம் முடிஞ்ச பிறகும் அழிக்கலாமே. முடிஞ்சதும் டிவியைப் போட்டுக்கோங்கன்னு ரிமோட்டை அவர்கிட்டயே விட்டீங்க. அழிஞ்சிடும்னு நீங்க ஒருநாளும் பயப்படல. ஆட்டம் பதிவாகிற நேரத்துல டிவி ஓடக் கூடாது, அவ்வளவுதான் உங்க கவலை. ரெண்டு வேலை செய்யற பெட்டி இப்ப ஒரு வேலைதான் செய்யும்னு இந்த வீட்டுல தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

மகன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். 

"தெரிஞ்சப்ப சொல்லியிருக்கணும். அதுக்குள்ள எல்லாரும் அப்பாவுக்கு மறதின்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு வீட்டுக்கு வந்தா கொஞ்சம் அமைதி வேணும்னு இருந்துச்சு. சும்மா அனுப்பினா ஊர் என்னைத்தான் காறித் துப்பும். மறதின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு..."

மருமகள் கணவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பெட்டியிலிருந்து வேட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

கனத்துக் கிடந்த கூடத்தைக் கலகலப்பாக்குவது தன் பொறுப்பு என்று அவசரத்துக்குத் தோன்றியது. பெரியவரின் தோளைத் தொட்டார்.

"விடுங்க ஐயா. உங்களுக்கு மறதியே இல்லைன்னு ஆயிடுச்சு. அதுக்குச் சந்தோஷப்படுங்க."

பெரியவர் படியில் இருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருக்கலாம் தம்பி," என்றார். "இருந்திருந்தா, இதையும் மறந்துடுவேன்ல."