விலைவீடும் விலைஊடும்

கையெழுத்துப் போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தேவிப்ரியா அந்த வியாழக்கிழமை காலை சேலம் அழகாபுரத்துக்கு வந்தாள். சைபர் குற்றப் பிரிவில் ஆய்வாளராக இருந்துவிட்டு இப்போது தனியாகத் துப்பறியும் கலைமணி, கடிதத்தைப் படித்து மேஜைமேல் வைத்தாள். அவள் கணவர் சந்திரசேகர் நோட்டுப் புத்தகத்தோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கணக்குப் பேராசிரியரான அவருக்கு, மனைவியின் வழக்குகளில் மட்டும் விடையை முதலில் சொல்லிவிட்டு வழிமுறையைப் பிறகு தேடும் பழக்கம் உண்டு.

தேவிப்ரியா வேலை பார்த்தது நாமக்கல்லில் ஒரு முட்டை நிறுவனத்தில். அங்குள்ள கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸி என்றொரு வாசல் இருந்தது. உள்ளிருந்து வெளியே போகும் எதுவும் அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியூரில் இருக்கும் ஊழியர்கள் உள்ளே வருவதும் அதே வழியாகத்தான். அந்த வாசலைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

திங்கட்கிழமை முதல் யாரோ வெளியிலிருந்து அதன் வழியே நுழைந்து, மறுநாள் எந்த லாரி எந்த ஊருக்குப் போகிறது என்ற பட்டியலைப் படித்திருந்தார்கள். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நிறுவனத்தின் லாரி போய்ச் சேரும் முன்பே வேறொருவரின் முட்டை லாரி அங்கே நின்றது. நுழைந்தவர் காட்டிய பெயர் 'விலைஊடு'. பதிவேட்டைப் புரட்டியபோது, மூன்று மாதத்துக்கு முன்பு யாரிடமும் கேட்காமல் அந்தப் பெயரை உண்டாக்கியது தேவிப்ரியா என்று தெரிந்தது. நாளை மாலை ஐந்து மணிக்குள் அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸ் புகார் என்று முதலாளி கெடு வைத்திருந்தார்.

"எதுக்கும்மா அந்தப் பேரை உண்டாக்கினே?" என்று கலைமணி கேட்டாள்.

தேவிப்ரியா கைப்பையின் வாரைத் திருகினாள். "தேவைப்பட்டுச்சு மேடம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. வெளிய யாருக்கும் அதை நான் குடுக்கல. அம்மா வீட்டுல தனியா இருக்காங்க. போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துட்டா தாங்க மாட்டாங்க."

வீடு எங்கே என்று கலைமணி கேட்டாள். ஆத்தூர் என்றாள். சந்திரசேகர் அதையும் குறித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் மூவரும் நாமக்கல் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளி செந்தமிழன் கோபத்தில் இருந்தாலும் மரியாதையில் குறை வைக்கவில்லை. சந்தையின் முட்டை விலையைத் தினமும் காலை பத்து மணிக்கு ஓர் இணையதளத்திலிருந்து எடுத்துவரும் புரோகிராமுக்காக, 'விலைவீடு' என்ற ஒரே பெயரைத்தான் தான் உருவாக்கச் சொன்னதாக அவர் விளக்கினார்.

"ஒண்ணு சொன்னா ரெண்டு செஞ்சிருக்குதுங்க அந்தப் புள்ள. முன்வாசல் இருக்கையிலே கொல்லைவாசல் எதுக்குங்க அம்மிணி?"

அந்தப் புரோகிராமை எழுதியவன் கோகுல்ராஜ், திருச்செங்கோட்டுக்காரன். கலைமணி அவனிடம் தனியாகப் பேசினாள். அவன் தேவிப்ரியாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டான். கொல்லைவாசல் என்று பேச்சு அடிபடுகிறதே தவிர, அதன் பெயர் என்ன என்றுகூட அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"புரோகிராமை எங்கே எழுதினீங்க?"

"ஊட்டுல ஒரே தறிச் சத்தமுங்க. ஆபீஸ்லயே ஒக்காந்துதான் எழுதுனேன். தேவிப்ரியாதான் பேரைப் போன்ல சொன்னாங்க. கடவுச்சொல்ல மட்டும் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. ரெண்டையும் ஒரே எடத்துல எழுதக்கூடாதும்பாங்க."

"இந்த வாரம் புரோகிராம்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் தொடலீங்க. அந்த சைட்டுதான் திங்கக்கெழமையிலிருந்து வேற முகவரிக்கு மாறிருச்சு. பழைய எடத்துக்குப் போனா 'அங்க போ'ன்னு அனுப்பி வெக்குது. நம்ம புரோகிராம் தானாவே போயிக்குது."

கலைமணி புரோகிராமைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். அதில் இருந்த பெயர் 'விலைஊடு'.

காருக்குத் திரும்பியதும் சந்திரசேகரால் பொறுக்க முடியவில்லை. "கலை, முடிஞ்சுபோச்சு. பேரும் கடவுச்சொல்லும் அவன் கையில இருக்கு. அவன்தான்."

"அவன்தான்னா அந்தப் பேரை என்கிட்ட அவனே ஏங்க திறந்து காட்டுறான்?"

சந்திரசேகர் எழுதியதை அடித்தார். கலைமணி செந்தமிழனுக்குப் போன் செய்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரும் தேவிப்ரியாவும் கோகுல்ராஜும் ஓர் அறையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கண்ணாடி அறையில் செந்தமிழன், தேவிப்ரியா, கோகுல்ராஜ் மூவரின் போன்களும் ஒரு முட்டைத் தட்டில் வைக்கப்பட்டன. தட்டுக்குக் காவல் சந்திரசேகர். கலைமணி அடுத்த அறையில் தனியாக அமர்ந்து 'விலைஊடு' என்ற பெயருக்குப் புதுக் கடவுச்சொல் வைத்தாள். அதை ப்ராக்ஸியிலும் புரோகிராமிலும் தன் கையாலேயே தட்டினாள். வெளியிலிருந்து யார் வந்தாலும் பதிவு செய்துகொள், உள்ளே விடாதே என்று ப்ராக்ஸிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு வந்து அமர்ந்தாள்.

பத்து மணிக்குப் புரோகிராம் ஓடியது. விலை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. தேவிப்ரியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாற்பதுக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது.

கலைமணி மடிக்கணினியை முதலாளி பக்கம் திருப்பினாள். "வெளியிலிருந்து ஒருத்தர் 'விலைஊடு'ன்னு கதவைத் தட்டுறார். புதுக் கடவுச்சொல்லோட. காலையில நான் வெச்சது. அது தெரிஞ்ச மனுஷி உலகத்துல நான் ஒருத்திதான். நான் யார்கிட்டயும் சொல்லல."

"அப்பறம் ஆருங்க சொன்னது?"

"உங்க புரோகிராம் சொல்லியிருக்கு."

செந்தமிழனுக்குப் புரியவில்லை. கலைமணி ஜன்னலுக்கு வெளியே, கேட்டில் நின்ற லாரியைக் காட்டினாள். டிரைவர் கேட் பாஸை வாட்ச்மேனிடம் காட்டுகிறார். வாட்ச்மேன் அதை வாங்கி வைத்துக்கொண்டு லாரியை அனுப்புகிறார். பாஸ் அவருக்கு மட்டும்தான். இங்கே வாட்ச்மேன், ப்ராக்ஸி. டிரைவர், புரோகிராமுக்காக இணையத்தில் போய்வரும் லைப்ரரி. யாரோ எழுதி வைத்ததை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது.

"போன எடத்துல 'கடை மாறிருச்சு, அடுத்த தெருவுக்குப் போ'ன்னு சொன்னா, இந்தப் பழைய லைப்ரரி இன்னொரு பாஸை எழுதி சரக்கு மேலயே ஒட்டிடுது. புது முகவரிக்குப் போற வழி சீல் வெச்ச வழி. பூட்டின பெட்டியை வாட்ச்மேன் திறந்து பாஸைக் கிழிக்க முடியாது. அது நேரா கடைக்காரர் கையில போய் விழுது. திங்கட்கிழமை சைட் முகவரி மாறுச்சு, அன்னைக்கே திருட்டும் ஆரம்பிச்சுது. லைப்ரரியை எழுதினவங்க இந்த ஓட்டையை அடைச்சு எப்பவோ புதுப் பதிப்பு விட்டுட்டாங்க. இங்கே யாரும் மாத்தல."

அந்த இணையதளத்தை நடத்துவது யார் என்று கலைமணி கேட்டாள். மோகன்குமார் என்ற வியாபாரி, அண்மையில்தான் சொந்தமாக லாரி வாங்கி முட்டை ஏற்றத் தொடங்கியவர் என்று சொல்லும்போதே செந்தமிழன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். புகார் கொடுக்க வேண்டிய பெயர் அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஆனாலும் அவர் விடவில்லை. "அதெல்லாஞ் செரிங்க. ரெண்டாவது பேரை இந்தப் புள்ள எதுக்கு உண்டாக்கோணும்?"

"உங்க ஊர்ல வீட்டை என்னன்னு சொல்வீங்க?"

"ஊடுன்னுதாங்க சொல்லுவோம்."

"தேவிப்ரியா ஆத்தூர்ப் பொண்ணு. நேத்து என்கிட்ட ரெண்டு தடவை வீடுன்னுதான் சொல்லுச்சு. அதுவா ஒரு பேர் வெச்சா ஊடுன்னு வராது. போன்ல 'விலைவீடு'ன்னு சொல்லியிருக்கு. கோகுல்ராஜ் தன் காதுல விழுந்தபடி 'விலைஊடு'ன்னு தட்டிட்டார். ப்ராக்ஸி திருப்பி அனுப்பிடுச்சு. அதைப் பதிவேட்டுல பார்த்த இந்தப் பொண்ணு, அவரைத் திருத்தல; அந்தப் பேருக்கும் கதவைத் திறந்து வெச்சுடுச்சு. இப்ப வாயைத் திறந்தா பழி அவர்மேல போகும்னு வேலையை விடவும் துணிஞ்சுது."

கோகுல்ராஜ் மெதுவாகக் கேட்டான்: "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனுங்களே?"

"தப்புன்னு சொல்ல மனசு வரல," என்றாள் தேவிப்ரியா, இன்னும் தரையைப் பார்த்தபடி. "நீங்க பேசற மாதிரியே இருந்துச்சு."

செந்தமிழன் கடிதத்தைக் கேட்டு வாங்கி நான்காகக் கிழித்தார். சாயங்காலத்துக்குள் லைப்ரரியையும் கடவுச்சொல்லையும் அந்தப் பெயரையும் மாற்றிவிட வேண்டும் என்று கோகுல்ராஜிடம் உத்தரவிட்டார். சந்திரசேகர் தேவிப்ரியாவையும் கோகுல்ராஜையும் பார்த்தபடி, நோட்டை மூடாமல் காத்திருந்தார். இந்த விடை மட்டும் அவருக்கு முன்பே தெரிந்ததுபோல் ஒரு சிரிப்பு.

முட்டைத் தட்டிலிருந்து தன் போனை எடுத்த கோகுல்ராஜ், அவளுடையதையும் எடுத்து நீட்டினான். ஒவ்வோர் எழுத்தையும் கவனமாக உச்சரித்தான்.

"ஞாயித்துக்கெழமை எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆத்தூருக்கு, உங்க... வீ...ட்டுக்கு வாரேனுங்க."

தேவிப்ரியா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"ஊட்டுக்கே வாங்க," என்றாள்.