எண்பது வருட அழுக்கு

கைப்பேசி அலறியது!

மாலை ஐந்தேகால். டெல்லியில், அமைச்சக அலுவலகத்தில் கோப்பு ஒன்றில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த ராஜசேகரன் எடுத்தார்.

"சப்-இன்ஸ்பெக்டர் இளவரசி பேசறேன். உங்க ஃப்ரெண்ட் வெங்கடராமன் இறந்துட்டார், சார். கிட்வாய் நகர் வீட்டுக்குக் கொஞ்சம் வர முடியுமா?"

"ஐயோ! எப்படிம்மா...?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கார். அப்படித்தான் தெரியுது."

அப்படித்தான் தெரிய வேண்டும். அதற்காகத்தானே ராஜசேகரன் நண்பகலில் முக்கால் மணி நேரம் உழைத்திருந்தார்!

குழாயைத் திறந்துவிட்டவர் அவர். தரையில் சோப்பைத் தேய்த்தவர் அவர். அதற்கு முன், இருபது ஆண்டு நண்பரின் பின்னந்தலையைச் சுவரில் மோதியவரும் அவரே.

காரணம், ஒரு கைக்கடிகாரம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு விமானி கட்டியிருந்தது. இணைய ஏலத்தின் கடைசி வினாடிகளில் ராஜசேகரனை முந்தி, பதினோரு லட்சத்துக்கு அதை வாங்கிவிட்டார் வெங்கடராமன். ஐந்தாண்டில் விலை இரட்டிக்கும் சரக்கு!

கொன்றவர் அதைத் திருடவில்லை. திருட்டுக் கடிகாரத்தை வெளியே காட்ட முடியாது, விற்கவும் முடியாது. விதவையிடம் முறைப்படி வாங்கிவிட்டால்...?

வாங்கப் புறப்பட்டார்.

கூடத்தில் வெங்கடராமனின் மனைவி அனந்தலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். மந்திர் மார்க் பள்ளியில் ஆசிரியை. மூன்று மணிக்கு வீடு திரும்பிப் பிணத்தை முதலில் கண்டவர்.

"வந்துட்டேளா... லீவு போட்டுட்டு கூரியருக்குக் காத்துண்டிருந்தார். வாட்ச் வந்துடுத்துன்னு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பினார். குழந்தை மாதிரி..."

"மனசைத் தேத்திக்குங்க, மாமி. நான் இருக்கேன்."

"அது இனிமே என் கண்ணுல படப்படாது. நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ. விலையும் நீங்களே சொல்லுங்கோ."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

"நீங்கதான் வாட்ச் எக்ஸ்பர்ட்டாமே, சார்?" கையுறை அணிந்த இளவரசி கடிகாரத்தை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினார். "இது என்ன பெறும்?"

ராஜசேகரன் உதட்டைப் பிதுக்கினார்.

"டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ரெண்டு லட்சம் போனா அதிகம். பாவம், ஏமாந்துட்டார்."

"இதுக்கு முன்னாடி இதைத் தொட்டதில்லையா?"

"ஏலத்துல போட்டோ பார்த்ததோட சரி. நான் இந்த வீட்டுக்கு வந்தே ஒரு வாரமாச்சு."

"அச்சா..." இளவரசி கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "ரமேஷ்குமார் பையா! வாட்ச்சை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு மேடம்கிட்ட கொடுத்துடுங்க. ஜல்தி!"

ரமேஷ்குமாரின் துணி கடிகாரத்தின் பின்மூடியை நெருங்கியது. இன்னும் ஓர் அங்குலம்...

"தொடாதய்யா!"

கத்தியவர் ராஜசேகரன்.

"அது எண்பது வருஷ அழுக்கு! அதுக்குத்தான் விலையே! துடைச்சா பாதிகூடத் தேறாது!"

"எதுல பாதி, சார்? ரெண்டு லட்சத்துலயா... பதினோரு லட்சத்துலயா?"

ரமேஷ்குமார் துணியைக் கீழே வைத்தார்.

"பயப்படாதீங்க, துடைக்க மாட்டார்" என்றார் இளவரசி. "வந்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணு புரியல. கதவுப் பிடி, மேஜை, ஸ்விட்ச், காபி டம்ளர்... எல்லாத்தையும் பளிச்சுனு துடைச்சிருக்காங்க. செத்தவர் ரேகைகூட அவர் வீட்டுல இல்ல! இந்தப் பின்மூடி அழுக்குல மட்டும் புதுசா ஒரு கட்டைவிரல் ரேகை. அது அவரோடதும் இல்ல. இவ்வளவு பொறுப்பா துடைச்ச ஆளு, இதை எப்படி மறந்தான்?"

மறக்கவில்லை.

நண்பகலில் ராஜசேகரனின் ஈரத்துணி இரண்டு முறை அதன் அருகில் போய்த் திரும்பியது. மனம் வரவில்லை. நண்பரின் மண்டையை உடைக்கத் துணிந்த மனம், அந்த அழுக்கைத் துடைக்கத் துணியவில்லை!

"கூ... கூரியர்காரனோடதா இருக்கும்."

"இருக்கலாம். அப்படின்னா உங்க விரலை நீட்டறதுல என்ன கஷ்டம்?"

மைப்பெட்டி மேஜைமேல் நகர்ந்து வந்தது.

ராஜசேகரனின் வலக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று. அனந்தலக்ஷ்மி அந்தக் கையையே பார்த்தார். எழுந்தார்.

ரமேஷ்குமார் அந்தக் கையை முன்னால் இழுத்தார்.

தாளில் பதிந்த ரேகையையும் தன் கைப்பேசியில் இருந்த படத்தையும் இளவரசி இரண்டு நிமிடம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மைப்பெட்டியை மூடினார்.

"துடைச்சிருந்தா வாட்ச்சுக்குப் பாதி விலைதான் போயிருக்கும், சார்... இப்ப உங்களுக்கு முழு ஆயுளும் போகுது!"