வாசலில் வைத்த குரல்

கூடத்தில் உட்கார்ந்து மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த சின்னச்சாமி, வாசலில் தன் குரலே யாரையோ வரவேற்பதைக் கேட்டார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

எட்டிப் பார்த்தார். கேட் சாத்தியபடி இருந்தது. போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனது. மலையை விட்டுக் கீழே வந்த மேகம் தென்னை உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருமில்லை.

அந்தக் குரலை அங்கே வைக்கச் சொன்னவர் அவர்தான். மனைவி இறந்து கொஞ்ச காலத்தில், அவர் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்த ஒரு நாள், சம்பந்தி வந்துவிட்டார். பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள் சிவரஞ்சனி குளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போன சம்பந்தி, "வாங்கன்னு சொல்ல அந்த வீட்டுல ஒரு நாதியில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் தவறியதற்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. சின்னச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகன் ஈஸ்வர் வந்து, கேமரா வைத்த அழைப்புமணியை வாசல் தூணில் மாட்டினான்.

"இது பேசுமாடா?"

"பேசும்ப்பா. எதிர்க்க ஆள் அசைஞ்சாப் போதும். நீங்க ஒரு தடவ சொல்லுங்க, பதிஞ்சுக்கிரும்."

தொண்டையைச் செருமி, துண்டைச் சரிசெய்து, அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்று சொன்னார் சின்னச்சாமி.

"மாமா, நேத்து ரோட்டுல போன ஆட்டுக்கும் உங்க வீடு வாங்கன்னுச்சு" என்று பிறகொரு நாள் சிரித்தான் ஜீப்பு ஓட்டும் மலைச்சாமி.

"ஆடாச்சும் நின்னு கேட்டுச்சுல்ல? நீ எங்க நிக்கப் போற!"

உள்ளுக்குள் பெருமைதான். மழையில் தோட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும் நாட்களில், மகள் வாசலில் நடமாடுவதைக் கைபேசியில் பார்த்துக்கொள்ள முடிந்தது. போகப் போக, வீட்டில் இருக்கும்போதுகூட அவர் எழுந்து வாசலுக்குப் போவதில்லை. பெட்டி சொல்லிவிடுகிறதே. முன்பெல்லாம் வந்தவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும்.

"ரஞ்சனி, யாரும்மா வந்தது?" என்றார் இப்போது, கூடத்தில் உட்கார்ந்தபடியே.

"யாருமில்லப்பா" என்றாள் மகள் அடுக்களையிலிருந்து. "கொஞ்ச நாளாவே வெளக்கு வைக்கிற நேரம் இப்பிடித்தான் சொல்லுது. அண்ணன்ட்ட கேட்டேன், பூச்சி கீச்சி பறந்திருக்கும்னுச்சு."

கைபேசியைத் திறந்து வாசலைப் பார்த்தார். சாம்பல் நிறப் படத்தில் கேட், படி, செருப்பு, வெள்ளைக் கோடுகளாகச் சாய்ந்து விழும் சாரல். படியருகே ஓரிடத்தில் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்கு, அந்தக் கோடுகள் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தபோது, மழை விழாத அந்த இடம் படியேறியிருந்தது.

வெயிலே படாத ஏலச்செடித் தூரில் இலைகள் மக்கிக் கிடக்குமே, அந்த ஈர வாடை கூடத்துக்குள் மெல்லப் பரவியது.

"உக்காருங்க" என்றது வாசலில் அவர் குரல்.

அந்தச் சொல்லை அவர் பதியவே இல்லை.

எதிரில் கிடந்த பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. பின்னல் பள்ளமாகத் தாழ்ந்தது.

சின்னச்சாமி எழுந்து வாசலுக்கு ஓடினார். தூணிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். திருகாணிகள் தெறித்தன. வயர் அறுந்தது. பெட்டியின் நீல விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

"தண்ணி குடிங்க."

இம்முறை கூடத்துக்குள்ளிருந்து. அவர் குரலில்.

திரும்பி உள்ளே ஓடினார். நாற்காலிக்கு முன்னால் சிவரஞ்சனி நின்றிருந்தாள். நீட்டிய இரண்டு கைகளுக்குள் ஒரு தண்ணீர்ச் செம்பு. தூங்குகிறவள் முகம் போல இருந்தது அவள் முகம்.

"வீட்டுக்கு வந்தவுகள விட்டுட்டு எங்கப்பா போனீக?"

"ரஞ்சனி. இங்க வா. வெரசா வா ஆத்தா."

அவள் வரவில்லை. செம்பு சரிந்தது. தண்ணீர் தரையில் விழவில்லை. அந்தரத்தில், ஒரு தொண்டை விழுங்கும் சத்தம்.

வெளியே போ என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். பகையாளி வந்து நின்றபோதும் சின்னச்சாமி அதைச் சொன்னதில்லை. அவர் அப்பாவும் சொன்னதில்லை. வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

நாற்காலியின் பள்ளம் நிமிர்ந்தது.

சொல்லு. சொல்லுடா சின்னச்சாமி.

ஈரம். தரையில் ஒரு தடம். இன்னொன்று. அவள் காலருகே.

அவர் கைகள் நெஞ்சுக்கு முன்னால் தாமாகக் கூப்பிக்கொண்டிருந்தன. பிரிக்க முடியவில்லை.

சிவரஞ்சனி செம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். நிறைமாத வயிற்றின் மேல் இறுகியிருந்த சேலையில், ஐந்து விரல்களோடு ஒரு பெரிய உள்ளங்கை ஈரமாகப் பதிந்தது. அழுந்தியது. அந்தப் பதிவுக்கு நேராக, உள்ளிருந்து ஒரு சின்னக் கை மெல்ல மேலெழும்பி, அதன் விரலைப் பற்றிக்கொண்டது.