சைக்கிள் கடை நாடாளுமன்றம்

பெல்லு பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைக்குள் காலை வைத்தாள். வைத்த காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மாமா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெல்லுவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. சைக்கிள் பெல் மாதிரி வாய் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறாளே என்று மாமா ஒருநாள் பெல்லு என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவளுக்கே வாய் அடைத்துப்போனது.

நாட்டில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கூட்டாளிக் கட்சி. ஊரில் உள்ளது எல்லாருக்கும் பொது, ஒருவரால் தூக்க முடியாததை எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. மாமா சொந்தக்கால் கட்சி. அவரவர் உழைப்பு அவரவருக்கு, யாரும் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அம்மா எந்தக் கட்சியும் இல்லை. அவள் பஸ்ஸில் நடத்துநர். ரெண்டு கட்சிக்காரர்களும் என் பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள், ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போகிறார்கள் என்பாள்.

அம்மாவின் தம்பியான மாமா இவர்கள் வீட்டிலேயே இருந்து அப்பாவோடு சேர்ந்து கடை நடத்துகிறார். இரண்டு பேரும் விவாதிப்பது புதிதல்ல. டயரைக் கழற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்கள், மாட்டி முடிக்கும்போது ஓய்வார்கள். இந்தத் தடவைதான் விஷயம் முற்றிப்போனது. காரணம், வெறும் காற்று.

காலையில் ஒரு சின்னப் பையன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தானாம். அப்பா அடித்துவிட்டு, காற்றுக்கெல்லாம் காசு வேண்டாம் போ என்று அனுப்பிவிட்டார். பம்பில் வாஷர் தேய்ந்தால் அதையும் காற்றா வாங்கிக் கொடுக்கும் என்று மாமா கேட்டார். மூச்சு விடுவதற்கும் ரசீது போடுவீர்களா என்று அப்பா கேட்டார். பேச்சு வளர்ந்து, ஒருவர் சாக்பீஸ் எடுத்தார், இன்னொருவர் கோட்டின் மறுமுனையைக் காட்டினார். ஆக, கோடு போட்டதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

பாகம் பிரித்ததில்தான் கூத்தே நடந்தது. காற்றடிக்கும் பம்பும் டயர் கழற்றும் நெம்பிகளும் அப்பா பக்கம் வந்தன. ஓட்டை பார்க்கும் தண்ணீர்ச் சட்டியும் ஒட்டுப்போடும் பசையும் ரப்பர் துண்டுகளும் மாமா பக்கம் போயின. பஞ்சரான சைக்கிளோடு வருகிறவர் பாடு திண்டாட்டம். அப்பா பக்கம் டயரைக் கழற்றி, டியூபில் காற்றடித்து வாங்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி மாமா பக்கம் போய்த் தண்ணீரில் முக்க வேண்டும். ஒட்டு வாங்கிக்கொண்டு மறுபடி அப்பாவிடம் வர வேண்டும். தபால்காரர் இப்படி நாலு தடவை போய்வந்து, இதற்கு நடந்தே தபால் கொடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெல்லுவுக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. எல்லாம் எல்லாருக்கும் பொது என்கிற அப்பா பம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறார். சொந்தக் காலில் நில் என்கிற மாமாவால் பம்பு இல்லாமல் ஒரு பஞ்சர்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அம்மாவிடம் காட்டினார். அடுத்த தெருவில் ஒரு கடை பார்த்திருக்கிறாராம். பின்னால் ஓர் அறையும் உண்டாம். தேர்தல் முடிந்ததும் கட்டிலோடு அங்கே போய்விடப் போகிறாராம்.

பெல்லுவுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மாமா இல்லாத கடையை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

தேர்தல் நாள் வந்தது. அப்பாவும் மாமாவும் காலையிலேயே தனித்தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் தனித்தனியாகத் திரும்பினார்கள். பெல்லு கடை வாசலில் உட்கார்ந்து, ஓட்டுப் போடப் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வாக்குச்சாவடி மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் லைப்ரரி அக்கா வந்தார். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர். சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவார், அதுவும் வேகமாகப் போவார். இன்றைக்கு நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. வலது சக்கரம் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

"போஸ்டர் ஆணி குத்திடுச்சு. எந்தக் கட்சி ஆணின்னு தெரியல" என்றார் அக்கா.

நாற்காலியைக் கடைக்குள் தள்ளினால் அது சரியாகக் கோட்டின் மேல் வந்து நின்றது. இடது சக்கரம் அப்பா பக்கம். பஞ்சரான வலது சக்கரம் மாமா பக்கம்.

மாமா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். டயரைக் கழற்ற நெம்பி வேண்டும். நெம்பி அப்பாவிடம் இருந்தது. கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். அப்பா நெம்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் கொடுத்தால் அவர் கௌரவம் குறைந்துவிடும்.

அதற்குப் பதிலாக அப்பா, சக்கர நாற்காலிகளுக்கு எல்லா ஊரிலும் இலவசப் பழுதுபார்ப்பு நிலையம் வைப்பதாகத் தன் கட்சி சொல்லியிருப்பதை அக்காவுக்கு விளக்கினார். மாமா விடுவாரா? நல்ல சாலை போட்டால் பஞ்சரே ஆகாது, அதற்குத் தன் கட்சியிடம் திட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கொள்கை ரொம்ப நல்லா இருக்கு. உங்களுதும் நல்லா இருக்கு. என் சக்கரத்துலதான் காத்து இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல கதவை மூடிடுவாங்க" என்றார்.

பெல்லுவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அவள் ஒரு முக்காலியை இழுத்துக் கோட்டின் தலைமாட்டில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். பழைய ரிம்மை ஒரு ஸ்பேனரால் ஓங்கித் தட்டினாள்.

"அவை கூடிடுச்சு. நான்தான் சபாநாயகர். நான் சொல்ற வரைக்கும் உறுப்பினர்கள் யாரும் பேசக் கூடாது."

அப்பா வாயைத் திறந்தார். பெல்லு இன்னொரு தட்டுத் தட்டினாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"போன வருஷம் பள்ளிக்கூடத்துலேர்ந்து எங்களை நாடாளுமன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கேயும் ரெண்டு பக்கம் இருக்கு. உங்களைவிட அதிகமா கத்துறாங்க. நடுவுல ஒரு வழி போகுது. அதுல ஒருத்தர் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கூஜாவுலேர்ந்து தண்ணி ஊத்திக் கொடுத்துக்கிட்டே போறாரு. அது சண்டைக்குப் போட்ட கோடு இல்லப்பா. ஆள் நடக்குறதுக்கு விட்ட வழி."

பெல்லு மாமா பக்கம் திரும்பி மீதியைச் சொன்னாள்.

"அவ்வளவு கத்தினாங்களே, மாமா. யாரும் கோச்சுக்கிட்டு அடுத்த தெருவுல இன்னொரு நாடாளுமன்றம் திறக்கப் போகல."

மாமாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அவையோட முதல் தீர்மானம்" என்றாள் பெல்லு. "இந்த வழியில சாமான் போகலாம், வரலாம். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் தூக்கியது லைப்ரரி அக்காதான். நான் நடுவில் இருக்கிறேன், எனக்கு இரண்டு ஓட்டு என்று சொல்லி இரண்டு கையையும் தூக்கினார். அப்பா நெம்பி வைத்திருந்த கையைத் தூக்கினார். மாமா பசை டப்பா வைத்திருந்த கையைத் தூக்கினார். தூக்கிய கைகளை இரண்டு பேரும் கீழே இறக்கவில்லை, அப்படியே நீட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் வேலை பறந்தது. அக்கா நாற்காலியைவிட்டு இறங்க வேண்டியே இருக்கவில்லை. அச்சுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தார்கள். மாமா டயரை நெம்பி டியூபை உருவினார். அப்பா பம்பை வைத்து நாலு அடி அடித்தார். பெல்லு சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் முக்கிய டியூபிலிருந்து சின்னச் சின்னதாகக் குமிழி கிளம்பியது.

"இங்க" என்று இரண்டு பேரும் ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள்.

ஒட்டுப் போட்டு, டயரை மாட்டி, காற்றடித்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெல்லு நாற்காலியைத் தள்ள வந்தாள். வேண்டாம், நீ ஓடி வந்தால் போதும் என்றார் அக்கா. அவர் போன வேகத்துக்குப் பெல்லுவால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாக்குச்சாவடியில் கதவைச் சாத்தப் போன காவலர், இவர்கள் வருவதைப் பார்த்து நின்றார். அக்கா உள்ளே நுழைந்த பிறகுதான் கதவு மூடியது.

திரும்பி வந்தபோது அப்பாவும் மாமாவும் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க இரண்டு பேருக்கும் நாக்கு துடித்தது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், ஒட்டு நன்றாக நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடையைச் சாத்துகிற நேரம். அப்பா பம்பைத் துடைத்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி பேசினார்.

"மாப்ள, அடுத்த தெருக் கடை ரொம்பச் சின்னதா இருக்கும்போல."

"இடம் போதும் மச்சான்" என்றார் மாமா. பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு, "ஆனா அங்க உட்கார்ந்து நான் யார்கூடச் சண்டை போடுறது?" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். பெல்லுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்காமல் போய் மாமாவைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக மாமா போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஓட்டு எண்ணி முடித்து ரேடியோவில் முடிவு சொன்னார்கள். கூட்டாளிக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை, சொந்தக்கால் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்சி அமைக்க முடியுமாம்.

அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். மாமா எதிரில் இன்னொன்றைப் போட்டார். எந்தக் கட்சி எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேச்சு தொடங்கியது. காற்று விஷயம் நடுவில் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர்கள் காசு கொடுக்க வேண்டும் என்று முடிவானது. பெரியவருடைய சைக்கிளைச் சின்னப் பையன் ஓட்டி வந்தால் அது யார் கணக்கு என்பதில் பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. அம்மா இரண்டு தடவை டீ வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வாசலில் தபால்காரர் தட்டையான டயரோடு நின்றார். உள்ளே யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முழுவதும் அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டியது சபாநாயகர்தான்.