சாப்பிட வந்தவர்கள்

படகின் அடிப்பலகையை யாரோ தட்டினார்கள். அவசரமில்லாத தட்டல், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி.

இனோஸ் வாய்க்குக் கொண்டுபோன மீனைக் கீழே வைத்தான். உச்சி வெயில். அடியில் போரில் மூழ்கிய ஜப்பானியச் சரக்குக் கப்பல், மாலுமிகளின் எலும்புகளோடு சாய்ந்து கிடந்தது. போலந்திலிருந்து முக்குளிக்க வந்த மார்த்தாவுக்கு அதைச் சுற்றிக்காட்டிவிட்டு இப்போதுதான் மேலே ஏறியிருந்தான். அவள் முன்பக்கம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தம்பி ரென்ஸ்பர் எஞ்சின் பக்கத்தில், இடித்துப் பொதிந்த சீமைப்பலாவை இலையோடு பிரித்து வைத்திருந்தான்.

மறுபடியும் தட்டல்.

"என்னடா அது?"

"ஆமையா இருக்கும்ணே. கப்பலுக்குள்ள போய்ட்டு வந்தாலே உனக்கு பேய் புடிச்ச மாதிரிதான்."

சாப்பிடும்போது யார் கடந்துபோனாலும் கூப்பிடாமல் விடுவது இந்தத் தீவுக் காயலில் யாருக்கும் வராது. வெட்டுப்பழி உள்ளவனைக்கூடக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். ரென்ஸ்பர் பலகையைப் பதிலுக்குக் குத்தினான்.

"யாருப்பா கீழ? வாங்க, வந்து சாப்பிடுங்க!"

மார்த்தா சிரித்தாள். இனோஸ் தம்பியின் கையைப் பலகையிலிருந்து இழுத்தான்.

"வாயக் கழுவுடா! யாரப் போய்க் கூப்பிடுற?"

"கூப்பிட்டாச்சு. இனி வராதீங்கன்னா சொல்ல முடியும்?"

காற்று நின்றது. துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை தண்ணீரிலிருந்து கிளம்பி, படகின் விளிம்பைத் தாண்டி, ஈரத்துணி போல முகத்தில் வந்து ஒட்டியது. படகு இடப்பக்கம் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பிறகு வலப்பக்கமும்.

இலையிலிருந்த சீமைப்பலாவில் ஒரு கடி விழுந்தது. யாரும் தொடவில்லை. பக்கத்தில் இன்னொரு கடி. பற்களின் தடம் தெளிவாகத் தெரிந்தது.

இனோஸ் மீனைத் தள்ளினான். தேங்காயைத் தள்ளினான். மார்த்தாவின் பையைக் கிழித்து பிஸ்கட்டைக் கொட்டினான். தின்னட்டும், தின்றுவிட்டுப் போகட்டும், தம்பியை மட்டும் விட்டுவிடட்டும். அம்மாவுக்கு மிச்சமிருக்கிற கடைக்குட்டி இவன்.

மீன் முள்ளானது. முள்ளும் நொறுங்கியது.

இலை காலி.

"அண்ணே," என்றான் ரென்ஸ்பர். அவன் காதைக் காணவில்லை. கழுத்தில் ரத்தம் கொட்டியது. "அண்ணே, என்னைய..."

கன்னத்தில் ஒரு கடி. தோளில் ஒன்று. தொடையில் சதை பிய்ந்தது. படகு அவன் பக்கம் சாய, அவன் அலறிக்கொண்டே தண்ணீரில் சரிந்தான். இனோஸ் பாய்ந்து அவன் மணிக்கட்டுகளைப் பிடித்தான். அவனும் அண்ணனின் மணிக்கட்டுகளை இறுக்கிக்கொண்டான். தண்ணீர் சிவந்தது. எலும்பு முறிகிற சத்தம்.

"விட்டுடாதண்ணே! விட்டு..."

"எஞ்சின்! எஞ்சினப் போடு!"

மார்த்தா பின்பக்கம் ஓடி எஞ்சின் கயிற்றை இழுத்தாள். இரண்டாம் இழுப்பில் பற்றிக்கொண்டது. படகு துள்ளிப் பாய, கையிலிருந்த பாரம் சட்டென்று குறைந்தது. இனோஸ் மல்லாந்து விழுந்தான்.

தம்பியின் கைகள் அவனிடமே இருந்தன. முழங்கை வரை. விரல்கள் இன்னும் அவனை இறுக்கிப் பிடித்திருந்தன. உதறினான். விடவில்லை.

படகு வேகமெடுத்தது. கப்பல் எங்கோ பின்னால் போய்விட்டது.

முழங்கையின் அறுந்த விளிம்பில் புதிதாக ஒரு கடி விழுந்தது. அதற்கு மேலே இன்னொன்று. மணிக்கட்டை நோக்கி, மெல்ல மென்றபடி.