பதிப்பு எண் தொண்ணூற்றொன்பது

காலை ஒன்பதே கால் ஆனால் மகிழினி கிடங்கைத் திறந்துவிடுவாள். மூட்டையும் எலியும் இருக்கிற கிடங்கு இல்லை. கோவை மாவட்டத்து நாற்பது லட்சம் பதிலிகளுக்கு வேண்டிய மென்பொருள் பொதிகளை அடுக்கி வைத்திருக்கும் சர்வர் அது. பதிலி என்பது ஆளுக்கு ஒன்றாக அரசு கொடுத்திருக்கும் தானியங்கி. படிவம் நிரப்பும், மருத்துவரிடம் நேரம் வாங்கும், சம்பந்தி வீட்டுக் கடிதத்துக்குப் பணிவாகப் பதிலும் எழுதும். மனிதர்களுக்கு மிச்சமிருந்த வேலை, கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது மட்டும்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு பொதி உண்டு. அதன் பெயர் ‘ஒப்புதல்’. உடம்பு, வீடு, கல்யாணம், பிள்ளை, சாவு ஆகிய ஐந்திலும் பதிலி தானாக முடிவெடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒப்புதல் பொதி உரியவரின் கைபேசியில் ஒரு வரி கேட்கும். பதில் வரும்வரை எத்தனை நாளானாலும் காத்திருக்கும். பெரிய பொதிகள் எல்லாம் இந்தச் சின்னப் பொதியைச் சார்ந்துதான் நின்றன. எது எதைச் சார்ந்திருக்கிறது, எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது என்று கண்காணிப்பது மகிழினியின் உத்தியோகம். இத்தனை வருடத்தில் தன் கையால் ஒரு தப்பும் நடந்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பக்கத்து நாற்காலி ஃபர்ஹான்தான் முதலில் கவனித்தான். அவளோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன்.

“நம்ம ஜனங்க எப்ப இவ்வளவு சுறுசுறுப்பானாங்க, மகிழ்? ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல சராசரியா ஆறு மணி நேரம் ஆக்குவாங்க. இப்பப் பாரு, பூஜ்யம்.”

“பூஜ்யம் மணியா?”

“பூஜ்யம் செகண்டு.”

சிரித்துக்கொண்டே பட்டியலைத் திறந்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. பதினெட்டு நாளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் போயிருந்தன. அத்தனைக்கும் பதில் ஆம். மருந்துக்குக்கூட ஓர் இல்லை கிடையாது. கோயம்புத்தூர்க்காரர்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் தலையாட்டியதாகச் சரித்திரமே இல்லை.

ஒப்புதல் பொதியின் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்பது இருந்தது. அந்த எண்ணைப் போட்டவளே அவள்தான்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தாள். வகுப்பில் யாரும் பதிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று ஒரு போலி ஒப்புதல் பொதி செய்து பயிற்சிக் கிடங்கில் வைத்திருந்தாள். அது யாரையும் எதுவும் கேட்காது, உடனே ஆம் என்று சொல்லிவிடும். பதிலிகள் எல்லாக் கிடங்குகளையும் தேடி, பெரிய எண் உள்ள பதிப்பைத்தான் எடுக்கும். அதனால் போலிக்குத் தொண்ணூற்றொன்பது என்று எண் போடுவது வகுப்பெடுக்கிற எல்லோரும் செய்கிற தந்திரம். வகுப்பு முடிந்ததும் அந்தப் பயிற்சிக் கிடங்கைப் பதிலிகள் தேடும் பட்டியலிலிருந்து கழற்றிவிட வேண்டும். அன்றைக்கு யாரோ கேக் வெட்டினார்கள். இவள் கழற்றவில்லை.

“பயிற்சிக் கிடங்க நான் கழட்டல. தப்பு என்னுதுதான், ஃபர்ஹான்,” என்றாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “யாராச்சும் புகார் பண்ணியிருக்காங்களா பாரு,” என்றான்.

புகார்ப் பெட்டி காலியாக இருந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கூப்பிட்டாள். பொள்ளாச்சிக்காரர். போன வாரம் முழங்கால் மாற்றியிருந்தார்கள்.

“ஐயா, அந்த ஆபரேஷனுக்கு நீங்க ஒப்புக்கிட்டீங்களா?”

“நடந்துருச்சுங்களே. நான் சரீன்னு சொல்லாம எப்படிங்க நடக்கும்?”

“சொன்னது ஞாபகம் இருக்குங்களா?”

“சொல்லியிருப்பேனுங்க,” என்றார்.

அடுத்து, சூலூரில் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். “ரெண்டு வீட்டுப் பதிலியும் பேசி முடிச்சுச்சுங்க. நான் வேண்டாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா ஆம்னு இருக்குது. மனசு மாறிட்டேனாட்ட இருக்குது,” என்றாள் அவள்.

மகிழினி அழைப்பைத் துண்டித்துவிட்டு பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினாள். அப்போதுதான் அது உறைத்தது. அம்மா.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு அரசு நடத்தும் நிழற்சோலை இல்லம் மாதத்துக்கு ஒருமுறை கேட்கும்: உங்கள் தாயாரை அனுப்ப ஒப்புகிறீர்களா? அம்மாவையும் தனியாகக் கேட்கும், முடிவில் அம்மா சொல்வதுதான் நிற்கும். மாதா மாதம் மகிழினி இல்லை என்று அழுத்துவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால் பீளமேட்டு வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா பையோடு தயாராக இருந்தாள். அம்மாவே ஆம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று மகிழினி நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் அழுகை வருமோ என்று பயந்து, தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

“நீ கிளம்பு,” என்றான் ஃபர்ஹான். “கிடங்க நான் கழட்டிர்றேன். அத்தன கேள்வியையும் மறுபடி கேக்க விடறேன். மதியத்துக்குள்ள எல்லாருக்கும் போயிரும்.”

தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது நிழற்சோலை. நல்ல இடம்தான், அதையும் சொல்ல வேண்டும். அம்மா சரண்யா சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்மிணி, வேலை நாள்ல?”

“அம்மா, இங்க வரதுக்கு நீ சரீன்னு சொன்னியா?”

“நீ சரீன்னு சொன்னதா வந்துச்சு. சரி, எம்மக முடியாமத்தான சொல்றான்னு கிளம்பிட்டேன்.”

“உன்னையக் கேக்கலையா?”

அம்மா டம்ளரை மெதுவாக வைத்தாள். “என் பேர்லயும் ஆம்னுதான் இருந்துச்சு கண்ணு. நான் எப்ப சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரல. புத்தி கலங்கிப்போச்சாட்ட இருக்குதுன்னு பயந்துட்டேன். இங்கயாச்சும் டாக்டர் இருக்காங்கன்னுதான் பேசாம இருக்கறேன்.”

பதினோரு நாளாகத் தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று ஒரு மனுஷி தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகிழினி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பொதி, பதிப்பு, தொண்ணூற்றொன்பது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். எத்தனை புரிந்ததோ தெரியாது. “அப்ப என் புத்தி நல்லாத்தான் இருக்குதா?” என்று மட்டும் அம்மா கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கும்மா. தப்பு என்னுது.”

இருவர் கைபேசிகளும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. நிஜமான பொதி, பதினான்காம் பதிப்பு, மகிழினியைக் கேட்டுக்கொண்டிருந்தது: உங்கள் தாயார் நிழற்சோலையில் தொடர்ந்து தங்க ஒப்புகிறீர்களா?

மகிழினியின் விரல் இல்லையின் மேல் போய் நின்றது. நின்றதே தவிர, அழுத்தவில்லை. இந்தப் பதினோரு நாளும் குளியலறையில் என்ன சத்தம் என்று காது கொடுக்காமல் இருந்திருக்கிறாள். மதியம் அலுவலகத்திலிருந்து மூன்று தடவை வீட்டுக்குப் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் வ.உ.சி. பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தாள். போலிப் பொதி தனக்குத் தெரியாமல் சொன்ன பதில் தனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அந்தக் கணத்தில் பார்த்து, அவள் பதறிப்போனாள். பதறிக்கொண்டே இல்லையை அழுத்தினாள்.

அழுத்துவதற்குள் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடமும் அம்மா அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைபேசியைக் குனிந்து பார்த்து, தனக்கு வந்திருந்த கேள்வியை நிதானமாக ஓர் எழுத்தும் விடாமல் படித்தாள். ஆம் என்று அழுத்தினாள்.

“அம்மா, என்ன பண்ற? மாத்து. இன்னும் மாத்தலாம்.”

“இது மிஷின் சொன்னதில்ல, அம்மிணி. நாஞ்சொன்னது,” என்றாள் அம்மா. “நாளைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கும்.”

மிச்சமிருந்த மோரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.