எண்ணெய் ஊறும் நேரம்

இலத்தூர்த் தெருவில் சுந்தரபாண்டி நடந்தால், சைக்கிளில் வருபவர்கள்கூட இறங்கி நின்று வழி விடுவார்கள். அவர் ஓய்வு பெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், வேல்விழியின் பெரியப்பா; எல்லாரும் ஒரே வீடு.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் வேல்விழிக்கும் அவள் தம்பி புவனேஷுக்கும் அவரிடம் பாதி பயம், பாதி பெருமை. கதைப் புத்தகம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது.

"நரி பேசிச்சாம், காக்கா கேட்டுச்சாம்! இதப் படிச்சா எஸ்.ஐ. பரீட்சை பாஸாக முடியுமா?" என்பார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை ஐந்தருவிக்கு அழைத்துப் போவது அவர் வழக்கம். அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாது. மற்றவர்கள் எப்படியோ, போலீஸில் இருந்தவர் விதியை மீறலாமா? அதனால் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொள்வார். பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வார். எண்ணெய் ஊறும்வரை யாரும் கூப்பிடக் கூடாது. பிறகு சீயக்காய் போட்டு ஒரு குளியல். அதற்குப் பிறகுதான் அருவி.

"அதான் வீட்டுலயே குளிச்சாச்சே. பின்ன அருவிக்கு எதுக்குப் போறோம்?" என்று புவனேஷ் ஒருமுறை கேட்டான். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை. அருவியிலிருந்து திரும்பியதும் வேல்விழி நூலகப் புத்தகத்தை எடுக்கப் போனாள். பின்கட்டு அறை ஜன்னலில்தான் வைத்திருந்தாள். கூட்டத்தைப் பிரிந்து மலையில் வழி தவறிய ஒரு யானைக்குட்டியின் கதை அது. அவள் பாதிதான் படித்திருந்தாள்.

புத்தகத்தைத் திறந்தவள் திடுக்கிட்டாள். முதல் பக்கத்தின் ஓரத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. அந்த இடத்தில் தாள் கண்ணாடிபோல் ஆகி, மறுபக்கத்து எழுத்துகள் தெரிந்தன. அடுத்த பக்கத்திலும் கறை. அதற்கடுத்ததிலும். பெருகி ஓடும் ஆற்றின் கரையில் குட்டி தனியாக நிற்கும் பக்கம்வரை கறை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

புவனேஷ் மூக்கை நீட்டி முகர்ந்தான்.

"அக்கா! பெரியப்பா வாசம் அடிக்குது!"

"ஷ்ஷ்!" அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"பெரியப்பா கதை படிச்சாரா? அம்மாட்டப் போயி சொல்லுதேன்!"

"ஏலே, சொன்னேன்னா பாத்துக்கோ. மூச்சு விடக் கூடாது."

அம்மாவிடம் சொன்னால் அம்மா சிரிப்பாள். அப்பா சிரிப்பார். பொழுது சாய்வதற்குள் தெருவே சிரிக்கும். தலை நிமிர்ந்தே நடக்கிற பெரியப்பா யார் முன்னாலும் தலைகுனியக் கூடாது. வேல்விழிக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஆனாலும் புத்தகத்தை ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் நூலகத்துக்குக் கொண்டுபோனாள்.

நூலகர் சங்கரேஸ்வரி அக்கா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது? வடையத் தின்னுக்கிட்டே படிச்சியா?"

"இல்லக்கா."

"பின்ன யாரு கை இது?"

"எங்க வீட்டுல ஆனதுதான்க்கா," என்று வேல்விழி மழுப்பினாள்.

சங்கரேஸ்வரி அக்கா பெருமூச்சு விட்டார். "சாக்பீஸ் பொடி தூவி வச்சா எண்ணெயக் கொஞ்சம் இழுக்கும். புத்தகம் இங்கன இருக்கட்டும், உன் லைப்ரரி அட்டையும் இருக்கட்டும். வீட்டுல பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா. அப்புறம் தாரேன்."

அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவந்தால் 'யார் கை?' என்று அவர்களும் கேட்பார்கள். பெரியப்பாவைக் கூப்பிடவோ பயம். அந்த வாரம் அவள் நூலகப் பக்கமே போகவில்லை. கணக்கில் மதிப்பெண் குறைந்த நாளிலும், தோழியோடு சண்டை போட்ட நாளிலும் அங்கே ஜன்னலோர பெஞ்சில் ஒரு கதையோடு உட்கார்ந்தால் போதும், மனம் லேசாகிவிடும். இப்போது அந்த பெஞ்சும் இல்லை, யானைக்குட்டியும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பின்கட்டு அறைக்குள் போன பெரியப்பா சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தருவியில் குளித்து முடித்து, சாரலில் நடுங்கியபடி மூவரும் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றார்கள்.

"ஏட்டி வேலு," என்றார் பெரியப்பா. "அந்தப் புத்தகத்தக் காணோமே, எங்க?"

"எந்தப் புத்தகம் பெரியப்பா?"

"அதான், அட்டையில ஆனை போட்டது. ஜன்னல்ல கெடந்துச்சே. தூசி தட்டி வச்சேன்."

"லைப்ரரிக்குப் போயிருச்சு."

பெரியப்பா பஜ்ஜியை ஊதினார். ஆறின பிறகும் ஊதினார்.

"அந்தக் குட்டி... ஆத்தத் தாண்டிருச்சா?"

புவனேஷ் வாயைத் திறந்தான். வேல்விழி தன் பஜ்ஜியை அதில் திணித்தாள்.

"தெரியலயே பெரியப்பா. நானும் அதுவரைக்கும்தான் படிச்சேன்." அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. "லைப்ரரிக்குப் பெரியவங்க ஒருத்தரு என்கூட வரணுமாம். வருதீங்களா? அங்கன பேப்பர் எல்லாம் கெடக்கும். நீங்க பேப்பர் படிக்கலாம்."

"துணைக்குன்னா வருதேன்," என்றார் பெரியப்பா. "துணைக்குத்தான்."

மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் சங்கரேஸ்வரி அக்கா எழுந்து நின்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தெருக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி! நல்லதாப் போச்சு. எண்ணெய்க் கை வச்சது யாருன்னு கேட்டா உங்க புள்ள சொல்லவே மாட்டேங்கா. அதான் அட்டையப் பிடிச்சு வச்சிருக்கேன்."

பெரியப்பா புத்தகத்தை வாங்கிக் கறையைப் பார்த்தார். பிறகு வேல்விழியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"வாசம் தெரியும் பெரியப்பா," என்றாள் மெதுவாக.

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சிட்டா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். அறை முழுவதும் கேட்கும்படி பேசினார்:

"அது என் கை. எண்ணெய் ஊறுத நேரத்துல நான்தான் படிச்சேன். எங்க வீட்டுப் புள்ள மேல தப்பில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆனைக் கதையா அண்ணாச்சி?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"ஆமா, ஆனைக் கதைதான். நல்லாத்தான் இருக்கு. நீரும் படியும்!"

சங்கரேஸ்வரி அக்கா புன்னகையோடு வேல்விழியிடம் அட்டையைக் கொடுத்தார்.

"எனக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுங்க," என்றார் பெரியப்பா.

வேல்விழி ஆசையாக யானைப் புத்தகத்துக்குக் கை நீட்டினாள். பெரியப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பெரியவங்க மொதல்ல," என்றார்.

அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்க்காமலே பின்கட்டு அறைக் கதவு சாத்தப்பட்டது. வேல்விழியும் புவனேஷும் வெளியே வாசற்படியில் காத்திருந்தார்கள். உள்ளே திடீரென்று கைதட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"ஏட்டி வேலு! அந்தக் குட்டி என்ன செஞ்சிச்சு தெரியுமா?"

"ஐயோ, சொல்லாதீங்க பெரியப்பா!"

வேல்விழி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.